நெல் கொள்வனவுச் செயலிக்கு ஏஎஸ்பி டொட்நெற் கோரின் டிஐ கொண்டெய்னர் போதுமா?

போதும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கமக்காரர் அமைப்புக்கோ, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்கோ, அரிசி ஆலைக்கோ எழுதிக் கொடுக்கும் செயலிகளுக்கு, மைக்ரோசொஃப்டின் இணையச் செயலிக் கட்டமைப்பான ஏஎஸ்பி டொட்நெற் கோருடன் கூடவே வரும் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் கொண்டெய்னரைவிட (டிஐ: வகுப்புகளுக்குத் தேவையான பொருட்களைத் தானே ஆக்கிக் கொடுக்கும் பகுதி) பெரியது தேவைப்படுவது அரிது. ஆனால் வந்தபடியே விட்டுவைத்தால், எழுதும்போது பிடித்துக் கொடுக்கும் பிழைகளை நேரடிப் பாவனையில் அது சத்தமில்லாமல் விழுங்கிவிடும். இந்த ஒரு குணத்தைத் தெரிந்துகொண்டு பாவித்தால் நல்ல சாமான். தெரியாமல் பாவித்தால் காலபோக அறுவடைக் கூட்டத்தில் கணக்குப் பிழைக்கும். இங்கே சொல்வது டொட்நெற் 8-ஐ வைத்து.

2016-இல் ஏஎஸ்பி டொட்நெற் கோரின் முதற் பதிப்பு வந்த நாளிலிருந்தே இது கட்டமைப்பின் ஒரு பகுதி. இணையச் செயலிக்குத் தனியாக எந்த நியூகெற் (டொட்நெற் நூலகப்) பொதியும் இறக்கத் தேவையில்லை. இணைப்பு விட்டுவிட்டு வரும் இடத்தில் புதிதாக ஒரு மடிக்கணினியைத் தயார்செய்பவர்களுக்கு இது சின்ன வசதி அல்ல. புரோகிராம் டொட் சிஎஸ் கோப்பில், பில்டரின் சேர்விசஸ் தொகுப்பில் இன்டர்ஃபேஸையும் (என்ன வேலை என்று மட்டும் சொல்வது) அதை நிறைவேற்றும் வகுப்பையும் சோடியாகப் பதிந்தால் வேலை முடிந்தது. பிறகு எந்த வகுப்பு தன் கன்ஸ்ட்ரக்டரில் (பொருளை ஆக்கும்போது ஓடும் செயற்கூறு) அந்த இன்டர்ஃபேஸைக் கேட்டாலும் கொண்டெய்னர் ஆக்கிக் கொடுக்கும், வேலை முடிந்ததும் மூடி விடுவிக்கும், அதாவது டிஸ்போஸ் செய்யும்.

பிஎச்பியில் இருந்து வருபவர்கள் இந்தக் கடைசிச் சொல்லில்தான் தடுக்குப்படுகிறார்கள். அங்கே ஒரு ரிக்வெஸ்ட் (உலாவியில் இருந்து வரும் ஒரு கோரிக்கை) முடிந்ததும் அதில் ஆக்கிய பொருட்கள் எல்லாம் அழிந்துபோகும். எது எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது என்று யோசிக்கத் தேவையே இல்லை. டொட்நெற் செயலி மாதக்கணக்காக ஒரே புரொசஸாக ஓடும். ஜாவாவின் ஸ்பிரிங் படித்து வருபவர்களுக்கு வேறு பழக்கம்: அங்கே ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் சிங்கிள்டன், அதாவது செயலி முழுதுக்கும் ஒரே பொருள். இங்கே ஒவ்வொரு பதிவிலும் ஆயுட்காலத்தைச் சொல்லியே ஆகவேண்டும். அப்படிச் சொல்ல வைப்பது இந்தக் கொண்டெய்னரின் நல்ல பண்பு என்றே கொள்ளவேண்டும்.

ஆயுட்காலம் மூன்று வகை. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். ஆட்சிங்கிள்டன் என்பது குளம்: எல்லாருக்கும் ஒன்றுதான், செயலி நிற்கும்வரை இருக்கும். ஆட்ஸ்கோப்ட் என்பது வாய்க்காலில் ஒருவருக்குக் கிடைக்கும் முறைத் தண்ணீர்: ஒரு ரிக்வெஸ்ட் தொடங்கும்போது மடை திறக்கும், அந்த ரிக்வெஸ்டுக்குள் யார் கேட்டாலும் அதே தண்ணீர், முடிந்ததும் மடை பூட்டப்படும். ஆட்டிரான்சியன்ட் என்பது வாளி: கேட்கும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று. தரவுத்தளத்தோடு பேசும் ஈஎஃப் கோர் நூலகத்தின் டிபிகொன்டெக்ஸ்டை ஆட்டிபிகொன்டெக்ஸ்ட் என்று பதியும்போது அது தானாகவே ஸ்கோப்ட் ஆகும். அதை மாற்றக் கூடாது.

சிக்கல் எல்லாம், முறைத் தண்ணீரை எடுத்துக் குளத்துக்குள் கட்டிவைக்கும்போதுதான் தொடங்குகிறது. சிங்கிள்டன் ஒன்று தன் கன்ஸ்ட்ரக்டரில் ஸ்கோப்ட் ஒன்றைக் கேட்டால், அந்த ஸ்கோப்ட் பொருள் சிங்கிள்டனோடு சேர்ந்து கடைசிவரை உயிரோடு இருக்கும். அதன் மடை பூட்டப்படுவதே இல்லை.

நெல் கொள்வனவுச் செயலி ஒன்றில் இது எப்படித் தெரியும் என்று பார்ப்போம். விலைச் சேவை என்று ஒரு வகுப்பு. நாளின் விலையைத் தரவுத்தளத்தில் இருந்து வாசித்துக் கொடுக்கிறது. அடிக்கடி கேட்கப்படுவதால், வேகத்துக்காக என்று அதை ஆட்சிங்கிள்டன் ஆக்கிவிடுகிறார்கள். அது டிபிகொன்டெக்ஸ்டைக் கன்ஸ்ட்ரக்டரில் கேட்கிறது. காலை 9 மணிக்குக் கிலோ 120 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 11 மணிக்கு முகாமையாளர் 125 என்று மாற்றுகிறார். தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தால் 125 என்றுதான் இருக்கும். பற்றுச்சீட்டில் மட்டும் 120 வந்துகொண்டே இருக்கும்.

காரணம் டிபிகொன்டெக்ஸ்டின் பின்தொடரும் பழக்கம். தான் ஒருதடவை வாசித்த பொருளை அது நினைவில் வைத்திருக்கும். அடுத்த தடவை வினவல் தரவுத்தளத்துக்குப் போகத்தான் செய்யும், 125 திரும்பி வரவும் செய்யும். ஆனால் அதே முதன்மைச் சாவியோடு ஒரு பொருள் ஏற்கெனவே கையில் இருப்பதால் அந்தப் பழைய பொருளையே எடுத்துக் கொடுக்கும். ஒரு ரிக்வெஸ்டுக்குள் இது சரியான நடத்தை. நாள் முழுக்க உயிரோடு இருக்கும் கொன்டெக்ஸ்டில் இது தவறான விலை. செயலியை நிறுத்தித் தொடங்கினால் சரியாகிவிடும். அதனால் பலர் சேர்வரிலேயே பிழை என்று நினைத்து, தினமும் காலையில் மறுதொடக்கம் செய்யும் ஒரு வழக்கத்தை உண்டாக்கிவிடுகிறார்கள். மூல காரணம் அப்படியே கிடக்கும், நினைவகமும் நாளுக்கு நாள் ஏறும்.

அதோடு இன்னொன்று. டிபிகொன்டெக்ஸ்ட் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யாது. இரண்டு தராசு மேசைகளில் இருந்து ஒரே கணத்தில் விலை கேட்டால் ‘எ செகண்ட் ஒப்பரேஷன் வோஸ் ஸ்டார்ட்டட் ஒன் திஸ் கொன்டெக்ஸ்ட் இன்ஸ்டன்ஸ்’ என்று தொடங்கும் பிழை விழும். ஒருவர் மட்டும் தட்டிப் பார்க்கும்போது இது வரவே வராது; உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும்போதுதான் வரும்.

திருத்துவது எளிது: விலைச் சேவையை ஆட்ஸ்கோப்ட் ஆக்குங்கள். வேகம் உண்மையிலேயே வேண்டுமானால் ஆட்மெமரிகேஷ் என்று பதிந்து, அந்த கேஷ் (தற்காலிக நினைவு) சிங்கிள்டனில் விலை எண்ணை மட்டும் 1 நிமிடத்துக்கு வைத்திருங்கள். தரவுத்தளப் பொருளை அப்படியே கேஷில் போடாதீர்கள், எண்ணை மட்டும்.

இனித்தான் முக்கியமான இடம். மேலே சொன்ன பிழையைக் கொண்டெய்னர் கண்டுபிடிக்கும். ‘கனொட் கன்சியூம் ஸ்கோப்ட் சேர்விஸ்’ என்று தொடங்கி, எந்த ஸ்கோப்டை எந்தச் சிங்கிள்டன் கேட்டது என்று இரண்டு பெயரையும் சொல்லும். ஆனால் அந்தச் சோதனை இயல்பாக டெவலப்மென்ட் சூழலில் மட்டும்தான் நடக்கிறது. புரொடக்‌ஷனில் அது நிறுத்தப்பட்டிருக்கும். எழுதும்போதே பிடிபட்டுவிடுமே, பிறகென்ன என்று கேட்கலாம். இரண்டு வழியால் தப்பிவிடும். ஒன்று, சூழலின் பெயரைச் சொல்லும் மாறி வைக்கப்படாவிட்டால் செயலி தன்னைப் புரொடக்‌ஷன் என்றே எடுத்துக்கொள்ளும். டெவலப்மென்ட் என்று வைப்பது லோஞ்ச்செற்றிங்ஸ் கோப்பு. அது டொட்நெற் ரன் கட்டளைக்கும் எடிட்டருக்கும் மட்டும்தான். பப்ளிஷ் செய்த கோப்பை நேரே ஓட்டிச் சோதிப்பவருக்குச் சோதனையே நடக்காது. மற்றது இன்னும் நுட்பமானது: எழுதும்போது காசு போகக்கூடாது என்று போலி எஸ்எம்எஸ் அனுப்பியைப் பதிந்திருப்பார்கள், நேரடிச் சேர்வரில் மட்டும் உண்மையான அனுப்பி. பிழை உண்மையான அனுப்பியின் கன்ஸ்ட்ரக்டரில் இருந்தால், மடிக்கணினியில் அது ஒருபோதும் தெரியாது.

ஆகவே முதல் நாளே செய்யவேண்டியது இதுதான். பில்டரின் ஹோஸ்டில் யூஸ்டிஃபோல்ட்சேர்விஸ்புரொவைடர் என்பதை அழைத்து, வலிடேற்ஸ்கோப்ஸ், வலிடேற்ஒன்பில்ட் இரண்டையும் சூழல் எதுவானாலும் ட்ரூ என்று வையுங்கள். முதலாவது ஆயுட்காலக் கலப்பைப் பிடிக்கும். இரண்டாவது, பதிந்த ஒவ்வொன்றையும் ஆக்க முடியுமா என்று செயலி எழும்பும்போதே பார்க்கும். இரண்டும் சேர்ந்தால், பிடிபட்ட குறைகளை ஒரே பிழைக் கட்டாகத் தந்துவிட்டுச் செயலி எழும்பாமல் நிற்கும். எழும்ப எடுக்கும் நேரம் சற்றுக் கூடும். அது பெரிய விலை அல்ல.

சேர்வரில், செயலிகளைத் தொடக்கிக் கவனிக்கும் லினக்ஸின் சிஸ்டம்டி பாவித்து ரீஸ்டார்ட் ஆல்வேஸ் என்று வைத்திருந்தால், இப்படி நின்ற செயலி எழும்பி விழுந்து கொண்டே இருக்கும். பார்ப்பவருக்கு ஓடுவது போலவும் தெரியும். ஜேர்னல்சிடிஎல் காட்டும் பதிவேட்டில் முதல் தடவை விழுந்த செய்தியைத் தேடி வாசியுங்கள். பழைய பதிப்பின் கோப்புறையை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருந்தால், பாதையை மாற்றித் தொடங்கிவிடலாம்.

வலிடேற்ஒன்பில்ட் எல்லாவற்றையும் பார்க்கும் என்று நம்பிவிடவும் கூடாது. கொன்ட்ரோலர்கள் (ரிக்வெஸ்டை ஏற்றுப் பதில் தரும் வகுப்புகள்) இயல்பாகக் கொண்டெய்னரில் பதியப்படுவதில்லை. அவற்றின் கன்ஸ்ட்ரக்டரில் இல்லாத சேவை ஒன்றைக் கேட்டிருந்தால், அந்தப் பக்கத்தை யாராவது திறக்கும்போதுதான் ‘அனேபிள் டு ரிசோல்வ் சேர்விஸ்’ வரும். ஆட்கொன்ட்ரோலர்ஸ் என்பதற்குப் பின்னால் ஆட்கொன்ட்ரோலர்ஸ்ஆஸ்சேர்விசஸ் என்று சேர்த்தால் அவையும் சோதனைக்குள் வரும். லாம்ப்டா (பெயரில்லாச் செயற்கூறு) எழுதிப் பதிந்தவற்றின் உள்ளே அது எட்டிப் பார்க்காது. திறந்த (உள்வகை இன்னும் நிரப்பப்படாத) ஜெனரிக் வகைகளையும் பார்க்காது. கொன்ட்ரோலர் இல்லாமல் எழுதும் மினிமல் ஏபிஐயில் இன்னொரு பொறி: பதிய மறந்த சேவையை ஒரு கெற் முகவரியின் அளபுருவில் கேட்டால், அது சேவை என்றே விளங்கிக்கொள்ளாமல் ரிக்வெஸ்டின் உடல் என்று எடுத்துக்கொண்டு, ‘பொடி வோஸ் இன்ஃபேர்ட்’ என்று வேறெதையோ பற்றிப் புகார் சொல்லும். அந்தச் செய்தியைக் கண்டால் முதலில் பதிவைத்தான் பாருங்கள்.

அடுத்த பெரிய இடம் எஸ்எம்எஸ். நெல் நிறுத்து முடிந்ததும் கமக்காரருக்கு எடை, ஈரப்பதம், தொகை மூன்றும் குறுஞ்செய்தியாகப் போகவேண்டும். கொள்வனவுப் பக்கத்துக்குள் டாஸ்க்ரன் போட்டுவிட்டுப் பதிலைத் திருப்பி அனுப்புவது பலர் செய்வது. ரிக்வெஸ்ட் முடிந்ததும் மடை பூட்டப்படுகிறது. பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க் டிபிகொன்டெக்ஸ்டைத் தொடும்போது ‘கனொட் அக்செஸ் எ டிஸ்போஸ்ட் கொன்டெக்ஸ்ட் இன்ஸ்டன்ஸ்’. இணைப்பு வேகமாக இருந்தால் டாஸ்க் முந்திவிடும், பிழை தெரியாது. மெதுவான நேரத்தில் மட்டும் சில பேருக்குச் செய்தி போகாது. இப்படிப்பட்ட பிழையைத் தேடிப் பிடிப்பது மிகக் கடினம்.

சரியான வழி: கொள்வனவைச் சேமிக்கும் அதே டிரான்சாக்‌ஷனில், அனுப்பவேண்டிய செய்தியையும் ஓர் அட்டவணையில் எழுதிவிடுங்கள். பேக்கிரவுண்ட்சேர்விஸ் (பின்னணியில் சுற்றாக, லூப்பாக ஓடும் வகுப்பு) ஒன்று அந்த அட்டவணையைச் சில விநாடிக்கு ஒருதடவை பார்த்து அனுப்பட்டும். மின்சாரம் நின்று வந்தாலும் செய்தி தொலையாது. நினைவகத்தில் மட்டும் வரிசை வைத்திருந்தால் மின்வெட்டோடு போய்விடும்.

ஆட்ஹோஸ்ட்டட்சேர்விஸ் என்று பதியும் பேக்கிரவுண்ட்சேர்விஸ் ஒரு சிங்கிள்டன். ஆகவே அதன் கன்ஸ்ட்ரக்டரில் டிபிகொன்டெக்ஸ்டைக் கேட்கக் கூடாது. ஐசேர்விஸ்ஸ்கோப்ஃபக்டரியைக் கேளுங்கள், சுற்றின் உள்ளே, ஒவ்வொரு சுற்றுக்கும், கிரியேட்அசிங்ஸ்கோப் மூலம் புது ஸ்கோப் (புது மடை) ஒன்றை அவெயிட் யூசிங் என்று திறந்து, அதிலிருந்து கெற்ரிகுவயர்ட்சேர்விஸ் கொண்டு எடுங்கள். சுற்றுக்கு வெளியே ஒரே ஸ்கோப்பைத் திறந்துவைத்தால் பழைய விலைக் கதைதான் திரும்பவும்.

அந்தச் சுற்றுக்குள் ட்ரை கேச்சும் கட்டாயம். டொட்நெற் 6-இல் இருந்து, பேக்கிரவுண்ட்சேர்விஸில் பிடிபடாத பிழை ஒன்று வெளியேறினால் முழுச் செயலியும் நிறுத்தப்படும். அதுவே இயல்பான நடத்தை. எஸ்எம்எஸ் நுழைவாயிலை அழைக்கும் எச்டிடிபிகிளையன்ட் 100 விநாடி காத்திருந்துவிட்டு டாஸ்க்கான்சல்ட் பிழையை எறியும். எஸ்எம்எஸ் நுழைவாயில் ஒருதடவை பதில் சொல்லாமல் இருந்ததற்காக நெல் கொள்வனவே நின்றுபோகக் கூடாது. காத்திருக்கும் நேரத்தை 15 விநாடிக்குக் குறைத்து, பிழையைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அடுத்த சுற்றில் திரும்ப முயலட்டும்.

எச்டிடிபிகிளையன்டை நியூ போட்டு ஆக்காமல் ஆட்எச்டிடிபிகிளையன்ட் மூலம் பதியுங்கள். இது 2018-இல் கோர் 2.1-உடன் வந்தது. உள்ளே இணைப்புகளைப் பிடித்திருக்கும் ஹான்ட்லரை 2 நிமிடத்துக்குப் பின் புதிதாக்கும்; அதனால் நுழைவாயிலின் ஐபி முகவரி மாறினாலும் செயலி தானாகவே கண்டுகொள்ளும். ஆனால் இப்படிப் பதிந்த வகுப்பு டிரான்சியன்ட். அதைச் சிங்கிள்டன் ஒன்று பிடித்து வைத்துக்கொண்டால் அந்தப் புதுப்பித்தல் நடக்காது, வலிடேற்ஸ்கோப்ஸும் இதைச் சொல்லாது. அது டிரான்சியன்டைக் கவனிப்பதில்லை.

மிடில்வெயர் (ஒவ்வொரு ரிக்வெஸ்டும் கடந்துபோகும் வகுப்பு) பற்றிச் சுருக்கமாக. அது ஒரே ஒருதடவை ஆக்கப்படும். ஸ்கோப்ட் சேவை வேண்டுமானால் கன்ஸ்ட்ரக்டரில் அல்ல, இன்வோக்அசிங் செயற்கூறின் அளபுருவாகக் கேளுங்கள்.

அமைப்பு மதிப்புகளுக்கு மூன்று வாசல். ஈரப்பத வரம்பு 14% என்று அப்செற்றிங்ஸ் கோப்பில் இருக்கிறது என்றால், ஐஒப்ஷன்ஸ் அதை ஒருதடவை வாசித்து அப்படியே வைத்திருக்கும். ஐஒப்ஷன்ஸ்ஸ்னப்ஷொட் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புதிதாகத் தரும். அது ஸ்கோப்ட் ஆகையால் சிங்கிள்டனுக்குள் போகாது. சிங்கிள்டனுக்கு ஐஒப்ஷன்ஸ்மொனிட்டரை எடுத்து, கரண்ட்வல்யூவைத் தேவைப்படும் கணத்தில் வாசியுங்கள். வலிடேற்ஒன்ஸ்டார்ட் சேர்த்துவிட்டால், வரம்பைத் தவறுதலாக 140 என்று எழுதிவிட்டால் அங்கேயே நிற்கும். அதற்கு அந்தப் பண்பின்மேல் ரேஞ்ச் குறிப்பும், வலிடேற்டேட்டாஅனொட்டேஷன்ஸ் அழைப்பும் இருக்கவேண்டும்.

பதிவில் அடிக்கடி விழும் இரண்டு குழிகள். ஒரே இன்டர்ஃபேஸை இரண்டுதரம் பதிந்தால் கடைசியாகப் பதிந்ததுதான் வெல்லும், எச்சரிக்கை ஒன்றும் வராது. அதனால்தான் நூலகங்கள் ட்ரைஆட் பாவிக்கின்றன. மற்றது கொஞ்சம் மறைவானது. வரிசை எண் கொடுக்கும் ஒரு வகுப்பு இரண்டு இன்டர்ஃபேஸை நிறைவேற்றுகிறது: ஒன்று எண் கொடுக்க, ஒன்று இதுவரை கொடுத்த எண்ணைக் காட்ட. இரண்டையும் தனித்தனி ஆட்சிங்கிள்டன் வரியில் பதிந்தால் இரண்டு வேறு பொருட்கள் பிறக்கும். ஒன்று 57-இல் நிற்கும், மற்றது 0-இல். வகுப்பைத் தன் பெயரிலேயே ஒருதடவை பதிந்து, இரண்டு இன்டர்ஃபேஸுக்கும் லாம்ப்டா மூலம் அதே பொருளை எடுத்துக் கொடுக்கவேண்டும்.

டிஸ்போஸ் செய்யவேண்டிய டிரான்சியன்டையும் கவனியுங்கள். கொண்டெய்னர் தான் ஆக்கிய அத்தகைய பொருளை, எந்த ஸ்கோப்பில் ஆக்கியதோ அந்த ஸ்கோப் மூடும்வரை பிடித்து வைத்திருக்கும். எந்த ஸ்கோப்பும் திறக்காமல் வேர்க் கொண்டெய்னரில் இருந்து நேரே எடுத்தால், செயலி நிற்கும்வரை. 1 ஜிபி நினைவகமுள்ள வாடகைச் சேர்வரில் இதன் விளைவு சில நாட்களிலேயே தெரியும். மறுபுறம், நீங்களே ஆக்கிய பொருளை ஆட்சிங்கிள்டனுக்குக் கையில் கொடுத்தால் அதைக் கொண்டெய்னர் டிஸ்போஸ் செய்யாது. அது உங்கள் பொறுப்பு.

டொட்நெற் 8-இல் வந்த கீட் சேர்விசஸ், இரண்டு எஸ்எம்எஸ் நுழைவாயில் வைத்திருப்பவர்களுக்கு உண்மையான ஆறுதல். ஒரே இன்டர்ஃபேஸை முதன்மை, மாற்று என்று இரண்டு சாவியில் ஆட்கீட்ஸ்கோப்ட் மூலம் பதிந்து, கன்ஸ்ட்ரக்டரில் ஃப்ரம்கீட்சேர்விசஸ் குறிப்போடு கேட்கலாம். சாவியைக் கையால் தட்டாமல் மாறிலியாக ஓரிடத்தில் வையுங்கள். டொட்நெற் 6-இல் இதற்காக எழுதிய சுற்றுவழிகளை இப்போது நீக்கிவிடலாம்.

இல்லாதவையும் உண்டு. பண்புகள் வழியாகச் செலுத்த முடியாது, கன்ஸ்ட்ரக்டர் மட்டும்தான். அது குறை அல்ல: 9 சேவை கேட்கும் கன்ஸ்ட்ரக்டர், அந்த வகுப்பு அளவுக்கு மிஞ்சிய வேலை செய்கிறது என்று வெளிப்படையாகக் காட்டும். வகுப்புகளைத் தேடித் தானாகப் பதியும் வசதி இல்லை, டெக்கரேற்றர் (ஒரு சேவையின்மேல் போர்த்தும் இன்னொரு வகுப்பு) பதியும் வசதியும் இல்லை. இரண்டுக்கும் ஸ்க்ரூட்டர் என்ற சிறிய நூலகம் போதும். 30, 40 பதிவு வரையில் கையாலேயே எழுதுங்கள். கொள்வனவு, கணக்கு, எஸ்எம்எஸ் என்று பகுதிக்கு ஒரு நீட்சிச் செயற்கூறாகப் பிரித்தால் புரோகிராம் கோப்பு ஒரு பக்கத்துக்குள் நிற்கும்; பொறுப்பெடுக்கும் அடுத்தவர் ஒரு பார்வையில் பிடித்துக்கொள்வார்.

ஒட்டோஃபாக் என்ற வேறு டிஐ கொண்டெய்னருக்கு மாறலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். யூஸ்சேர்விஸ்புரொவைடர்ஃபக்டரி என்ற ஒரே வரியில் மாற்றிவிடலாம். பழைய பதிவுகளும் அப்படியே வேலை செய்யும். மொடியூல்கள், இன்டர்செப்டர்கள், பெயரிட்ட ஸ்கோப்கள் உண்மையிலேயே தேவைப்படும் பெரிய செயலிக்கு அது நல்ல தெரிவு. ஆனால் மாறிய அன்றே வலிடேற்ஸ்கோப்ஸும் வலிடேற்ஒன்பில்டும் வேலை செய்வதை நிறுத்திவிடும். அவை இந்தக் கொண்டெய்னருக்கு உரியவை. விலைச் சேவை சிங்கிள்டனாக டிபிகொன்டெக்ஸ்டைக் கேட்டால், ஒட்டோஃபாக் அதை வேர் ஸ்கோப்பில் இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும், டெவலப்மென்ட் சூழலிலும்கூட.